எச்சில் பட்ட எஞ்சின்

இருசப்பன் பொய்யன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் வந்து எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயதில் புதுச்சேரிக் குடும்பம் ஒன்றுக்கு வேலைக்காரனாகச் சைகோனுக்குக் கப்பல் ஏறியவன், பதினொரு வருஷம் கழித்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு தொப்பியோடும் பாகூர்ப் பக்கம் திரும்பி வந்தான். பெட்டிக்குள் ஒன்றுமில்லை. வாய்க்குள்தான் எல்லாம் இருந்தது.

"சைகோன்ல ஆகாயக் கப்பலுக்கு நான்தான் எஞ்சின் பாத்தன். நான் சரின்னு தலையாட்டுனாதான் தொரை ஏறி ஒக்காருவான்" என்பான். களத்தில் நெல் தூற்றும்போது சொல்வான், ஏரிக்கரையில் மாடு கழுவும்போது சொல்வான், சாவு வீட்டில்கூட ஒருமுறை சொன்னான். அவன் அங்கே விமானக் கொட்டகையில் தரை கூட்டியவன் என்று சைகோனிலிருந்து வந்த வேறு ஆட்கள் சொன்னார்கள். ஊர் அதைத்தான் நம்பியது. நானும் அதைத்தான் நம்பினேன். நான் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார். படித்தவன் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

தலையாட்டித் துரையை ஏற்றிவிட்டவனுக்கு ஊரில் சொந்தமாக ஒரு கூரை இல்லை. மனைவி அமுதத்தோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் மச்சான் சாமிக்கண்ணு வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலையில் கிடந்தான். சாமிக்கண்ணு நல்லவன்தான், சாப்பாட்டு வேளை தவிர. சாப்பாட்டு வேளையில் மட்டும் தங்கையைக் கூப்பிட்டு, "சைகோன் தொரைக்கு இன்னொரு கை கூழு ஊத்துடி, பாவம், ஆகாயத்துல பறந்து களைச்சிருப்பாரு" என்பான். அமுதம் ஊற்றுவாள். இருசப்பன் குடிப்பான். ஆறு வருஷம் இப்படி. அந்த மூலையைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் இருவருக்கும் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி சிங்காரவேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு காணி நஞ்சை, கரும்பு தனி. அடுத்த தேர்தலில் மேர் ஆகிவிட வேண்டும், அதாவது கொம்யூன் பஞ்சாயத்துக்கே தலைவராகி மூவர்ணப் பட்டையை வயிற்றுக்கு மேலே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கனவு. வயிறு தயாராகத்தான் இருந்தது. 1938 கோடையில் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்புகிறார் என்று அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். எல்லோரும் கட்டில், பீரோ, நாற்காலி என்று எடுத்தார்கள். நம்மவர் ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்தார். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். கை தூக்கியபோது நாலு வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அந்தச் சந்தோஷத்தில் எடுத்துவிட்டார்.

பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு எஞ்சின். எஞ்சினியரின் மகன் பொம்மை விமானம் விட்டு விளையாடியது. விமானம் எப்போதோ விழுந்து நொறுங்கிப்போய் இது மட்டும் மிச்சம். முன்னால் மரத்தில் ஒரு விசிறி, பக்கத்தில் ஒரு பிளக், கம்பி, பாட்டரி, பிரெஞ்சில் அச்சடித்த ஒரு காகிதம். விசிறிக்குப் பின்னால் சுண்டுவிரல் நுழையாத ஒரு குட்டிக் குழாய் மேலே பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதுதான் கார்புரேட்டர். அந்த வாய் வழியாகக் காற்று போகும். குழாயின் நடுவே ஒரு ஊசித்துளை வழியாகப் பெட்ரோல் வரும். பெட்ரோல் எவ்வளவு வரலாம் என்று ஒரு ஊசித் திருகு காவல் காக்கும். திருகைக் கொஞ்சம் கூடத் திறந்தால் எஞ்சின் புகையைக் கக்கும், கொஞ்சம் கூட மூடினால் செத்துவிடும். இதெல்லாம் அந்தக் காகிதத்தைப் படித்து எனக்குத் தெரிந்தது.

ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக் குடியரசுப் பண்டிகைக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுத் துரை வருவார், அவர் முன்னால் விமானம் காட்ட வேண்டும் என்று சிங்காரவேலு முடிவு செய்தார். தச்சனைக் கூப்பிட்டு விமானம் செய்யச் சொன்னார். லேசான மரத்தில் செய்கிறேன் என்றான் தச்சன். நம் வீட்டு விமானம் முருங்கை மரத்திலா என்று கோபித்துக்கொண்டு, தேக்கில் செய்ய வைத்தார். ஆறு அடி நீளம். இரண்டு ஆள் தூக்க வேண்டும். இந்த எஞ்சின் ஒரு காக்கையைத் தூக்கினாலே பெரிய காரியம், இது எப்படிப் பறக்கும் என்று கேட்டேன்.

"பறக்கணும்னு யாரு சொன்னது வாத்தியாரே? கத்துனா போதாதா?" என்றார். மேர் ஆவதற்கு வேண்டிய அறிவு அவரிடம் ஏற்கெனவே இருந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதே சமயம் கரும்புக்குத் தண்ணீர் இறைக்கக் கடலூரில் ஒரு பழைய மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் சொல்லிவைத்திருந்தார். அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும். ஓட்டுகிறவனுக்கு எஞ்சின் கொட்டகையை ஒட்டி ஓடு போட்ட ஒரு அறை, வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல். இந்த வேலையை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன் தணிகைவேல், சிங்காரவேலுவின் மனைவி தையலம்மாளுக்கு அண்ணன் மகன், புதுச்சேரியில் ஒரே பரீட்சையை மூன்று தடவை எழுதித் தோற்ற மேதாவி. இன்னொருவன் இருசப்பன், அவர் பண்ணையிலேயே கூலி வேலை செய்தவன். சின்னதை ஓட்டுகிறவன் பெரியதையும் ஓட்டுவான், பதினாலாம் தேதி இதை யார் ஓட்டிக் காட்டுகிறானோ அவனுக்குத்தான் வேலை என்று ஊரறியச் சொன்னார் சிங்காரவேலு.

முதல் வாரம் தணிகைவேலுக்கு. எஞ்சினைப் பளபளவென்று துலக்கினான், ஊசித் திருகை இருக்கிற பலத்தையெல்லாம் காட்டி முறுக்கி மூடினான், விசிறியைச் சுற்றி விரலில் அடி வாங்கிக்கொண்டான். பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும் என்று காகிதம் சொல்கிறது. தையலம்மாள் வீட்டுச் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெயைக் கொடுத்தாள். அது பெட்ரோலோடு சேராமல் புட்டியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பாட்டரி சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தணிகைவேல் படுத்துக்கொண்டான்.

எஞ்சின் பண்ணைக் கொட்டகைக்கு, இருசப்பன் கைக்கு வந்தது. இவன் சாயம் வெளுக்கப்போகிற அழகைப் பார்க்கலாம் என்று நானும் காகிதத்தோடு போய் உட்கார்ந்தேன். அவன் திருகைக் கழற்றி ஊசியை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் உருட்டினான். ஒவ்வொரு சுற்றுக்கும் நுனி தத்தித் தத்தி எழுந்தது.

"வளைச்சிட்டான் பாரு புண்ணியவான்" என்றான். நகத்தால் அழுத்தி, உருட்டிப் பார்த்து, மறுபடியும் அழுத்தி, அதற்கே ஒரு பகல் போயிற்று. வில்லியனூர் பஸ் டிரைவரிடம் கெஞ்சி மோட்டார் எண்ணெய் வாங்கி வந்தான். குழாயின் வாயை உதட்டில் வைத்து உறிஞ்சினான், ஊதினான், கறுப்பாக எதையோ துப்பினான்.

"ரெண்டரைச் சுற்று திறக்கணும்னு போட்டிருக்குது" என்று நான் படித்தேன்.

"காயிதம் புது எஞ்சினுக்கு எழுதனது வாத்தியாரே. இது அடிபட்டு வந்தது. இதுக்கு இன்னா வேணும்னு இதையேதான் கேக்கணும்."

கேட்டான். நாற்பது நாள் கேட்டான். பண்ணை வேலை முடிந்து, பொழுது சாய்வதற்கு முன் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் குழாயின் வாயை விரலால் மூடி விசிறியை இரண்டு சுற்று சுற்றுவான், விரலை எடுத்துவிட்டு ஒரு சுண்டு சுண்டுவான். பட்டென்று ஒரு சத்தம் வரும், நிற்கும். திருகைக் கால் சுற்று மூடுவான். மறுபடியும். சில நாள் ஓடும், நாம் முகம் மலர்வதற்குள் நின்றுவிடும். திருகை எங்கே வைத்தாலும் இதே கதை. குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தான், சத்தம் மாறியது. அந்த இடுக்கு வழியாகத் திருட்டுக் காற்று போகிறது என்று கண்டுபிடித்தான். நடுவில் வைத்து இறுக்க எண்ணெயில் ஊறிய ஒரு அட்டை வேண்டும் என்றான். நான் இல்லாத நேரத்தில் என் பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தின் அட்டையை வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டான். நாலு நாள் அவனோடு நான் பேசவில்லை.

சிங்காரவேலு தினமும் வந்து பார்ப்பார். இருசப்பன் குழாயை வாயில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "நல்லா உறிஞ்சுடா, பதினாலாந்தேதி என் மானம் போவக்கூடாது" என்பார். பெட்ரோல் பட்டுப் பட்டு அவன் உதடு வெந்துபோயிருந்தது. அமுதம் கூழை ஆறவைத்துக் கொடுத்தாள். சாமிக்கண்ணுக்கு அதிலும் ஒரு கிண்டல் கிடைத்தது.

ஜூலை பத்தாம் தேதி எஞ்சின் ஓடியது. முதலில் பொதபொதவென்று ஈரமாகக் கத்தியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு திருகை மூடினான். சத்தம் மெலிந்து, கூர்மையாகி, விசிறி இருந்த இடமே தெரியாமல் போயிற்று. இன்னும் கொஞ்சம் மூடினான், கிறீச்சிட்டது. உடனே திருகை ஒரு இழை திறந்தான்.

"கத்துது பாருங்க, அதுக்கு ஒரு நூலு முன்ன நிக்கணும். அங்கதான் அது சந்தோசமா ஓடும்" என்று காதருகே கத்தினான். பாட்டரியை அவனே பிடுங்கும் வரை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. தரை கூட்டியவனோ தலையாட்டியவனோ, இந்த வேலை அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

பதினாலாம் தேதி மைதானத்தில் பந்தல். வாசல் வளைவில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியது நான்தான். வழுக்குமரம் ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், சாக்குப் பந்தயம் ஒரு பக்கம், நடுவில் மேஜைமேல் தேக்கு விமானம். துரை நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அமுதம் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். குழந்தைகளுக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

நம் ஊரில் மாட்டு வண்டி வாங்கினால் பூசை, தையல் மிஷின் வாங்கினால் பூசை. விமானத்துக்குப் பூசை போடாமல் விடுவார்களா. பூசை முடியும்வரை தள்ளி நில் என்று இருசப்பனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் தெரு எது என்று எல்லோருக்கும் தெரியும். தள்ளி நின்றான். தையலம்மாள் தட்டோடு வந்து எஞ்சினுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று தேடினாள். மேலே பார்த்துத் திறந்திருந்த அந்தக் குட்டி வாய்தான் அவள் கண்ணில் பட்டது. வட்டமாக, பொட்டு வைக்கத் தோதாக இருந்தது. கெட்டியாக அரைத்த சந்தனத்தை எடுத்து நிறைய அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். தணிகைவேல் வந்து துரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விசிறியைச் சுண்டினான். பத்து முறை சுண்டினான். எஞ்சின் மூச்சு விடவில்லை.

அப்புறம்தான் இருசப்பனைக் கூப்பிட்டார்கள். வந்தவன் மாலையை விலக்கிப் பார்த்து நின்றுவிட்டான்.

"ஆண்டே, மூச்சு வாங்கற எடத்துல சந்தனம் அடச்சிருக்குது. தொடைக்கணும்."

"பூசை போட்டதத் தொடைக்கறதா? அப்படியே ஓட்டுடா" என்றார் சிங்காரவேலு, துரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

"அப்படியே ஓடாது ஆண்டே."

"சைகோன்ல ஓட்டுனியே, இங்க ஓடாதா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சாமிக்கண்ணு குரல்தான். எல்லோரும் சிரித்தார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருசப்பன் திரும்பி அமுதத்தைப் பார்த்தான். பிறகு குனிந்தான், நாற்பது நாளாகச் செய்த மாதிரியே குழாயில் வாயை வைத்தான். உறிஞ்சினான். சந்தனத்தையும் குங்குமத்தையும் தரையில் துப்பினான். ஒருமுறை ஊதினான். திருகைத் தொட்டுப் பார்த்தான், ஒரு சுண்டு சுண்டினான்.

ஓடியது ஐயா. அப்படி ஓடியது. மாலையிலிருந்த பூவெல்லாம் பிய்ந்து துரையின் தொப்பிமேல் போய் விழுந்தது. வழுக்குமரத்தில் பாதி ஏறியிருந்தவன் சத்தம் கேட்டுச் சறுக்கி விழுந்தான். தேக்கு விமானம் மேஜைமேல் நடுங்கிக்கொண்டே நின்றது, எங்கே பறக்கப்போகிறது. துரை எழுந்து வந்து இருசப்பனின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரெஞ்சில் அவனைப் புகழ்ந்தார். சிங்காரவேலு நீட்டிய கையை அவர் கவனிக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் அமுதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துரையின் கார் மறையும்வரை சிங்காரவேலு சிரித்த முகமாகத்தான் இருந்தார். மறைந்ததும் திரும்பினார்.

"பூசை போட்ட பொருளுல வாய வெச்சி எச்சிப் பண்ணிட்டியேடா. சாமி சந்தனத்தத் துப்பிட்டியே. என் குடும்பத்துக்கு ஆவுமா இது?"

"நாப்பது நாளா வெச்சது இதே வாயிதான் ஆண்டே. நீங்ககூட உறிஞ்சச் சொன்னீங்க."

"அப்ப பூசை போடல."

இருசப்பன் என்னைப் பார்த்தான். நான் படித்தவன், காகிதத்தை வாசித்தவன், கொட்டகையில் கூடவே உட்கார்ந்திருந்தவன். சந்தனத்தை வாயில் அப்பினால் நானும் நீங்களும்தான் மூச்சு விடுவோமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிங்காரவேலு மேர் ஆகிவிட்டால் என்னைத் தூக்கிக் காரைக்காலில் போட்டுவிடுவார் என்ற பயம். என் கையால் எழுதிய சமத்துவத்துக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எஞ்சினுக்குத் தீட்டுக் கழித்தார்கள். கோமியமும் மஞ்சள் தண்ணீருமாக ஒரு குடம் அதன் தலையில் ஊற்றினார்கள். உள்ளே போய்த் தேங்கி, துருவேறி, அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். பெரிய எஞ்சினும் ஓடு போட்ட அறையும் தணிகைவேலுக்குப் போயின. சாமிக்கண்ணு சாப்பாட்டு வேளைக்குப் புதிதாக ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டான். அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

மறுவருஷம் பங்குனியில், நல்ல வெயிலில், பெரிய எஞ்சின் நின்றது. கார்புரேட்டரில் அழுக்கு. தணிகைவேல் ஊதிப் பார்த்தான். தப்பான பக்கத்திலிருந்து ஊதியதில் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகிவிட்டது. கடலூர் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினால் எட்டு நாள் ஆகும் என்றார்கள். மேற்கு மூலையில் நாலு காணிக் கரும்பு சுருள ஆரம்பித்தது. சிங்காரவேலு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மத்தியானம் ஆளுங்கல்லாம் சோத்துக்குப் போற நேரமாப் பாத்து அவன வரச் சொல்லுங்க வாத்தியாரே. பின்பக்கமா வரட்டும். ஊதிட்டுப் போவட்டும். யாருக்கும் தெரிய வாணாம்."

போனேன். நான் இதற்கெல்லாம் போகிற ஆள்தான். அமுதம் என்னைக் கேட்டாள்: "எச்சின்னு ஊரே பேசனப்ப வாய மூடிக்கினு நின்னீங்க. இப்ப அதே எச்சியக் கேட்டுக்கினு வந்திருக்கீங்களா?" இருசப்பன் மட்டும் எஞ்சின் எப்படி நின்றது, நிற்குமுன் என்ன சத்தம் போட்டது என்று விவரமாக விசாரித்தான்.

"அடியில ஊசித்தொளையில அடச்சிருக்கும். ஊதுனா போயிடும்" என்றான். "வரன் வாத்தியாரே. ஆனா சந்தை நாளுலதான் வருவன். எல்லாரும் பாக்கத்தான் ஊதுவன்."

சந்தைக்கு இரண்டே நாள் இருந்தது. சொன்னேன். சிங்காரவேலு கரும்பைத் திரும்பிப் பார்த்தார். "காஞ்சா காயட்டும்" என்றார். காய்ந்தது.

எட்டாம் நாள் கடலூர்க்காரன் வந்தான். சட்டை, கால்சட்டை, வாய் நிறைய வெற்றிலை. எஞ்சினுக்கு வெள்ளிக்கிழமை போட்ட பூசையின் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. சாற்றைத் துப்பிவிட்டு, குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். குழாயின் இன்னொரு முனையைச் சிங்காரவேலுவே குனிந்து பிடித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் கிளம்பியதும், வாழை இலை போட்டு, வடை பாயசத்தோடு அவனுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். தையலம்மாள் நின்று பரிமாறினாள்.

நேரே சாமிக்கண்ணு வீட்டுக்குப் போய், மாட்டுக்கொட்டகை மூலையில் உட்கார்ந்திருந்த இருசப்பனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அமுதம்தான் கையிலிருந்த பாத்திரத்தைத் தரையில் நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"ஊதனதும் ஓடுச்சா?" என்று கேட்டான் இருசப்பன்.

"ஓடிச்சு" என்றேன்.

"அப்ப நான் சொன்ன எடந்தான்" என்று சொல்லிவிட்டு, மச்சான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனான்.